கடல் கடந்த கல்வியும் தோல் பதனிடும் தொழிலும்

திமிரி என்றவுடன் வரலாற்று நூலார் 1751ஆம் ஆண்டையே நினைவுகூர்வர். ஆற்காட்டைக் கைப்பற்றிய கிளைவ் இவ்வூர்க் கோட்டையின்மீதும் படை நடத்திய கதை அது. நம் மக்களின் வரலாறோ கோட்டைச் சுவரில் எழுதப்பட்டதன்று. இராணிப்பேட்டை, மேல்விசாரம், வாணியம்பாடி, ஆம்பூர் எனப் பரந்து கிடக்கும் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளில் எழுதப்பட்டது. அக்குழிகளில் நின்றோருக்கும் கடல் கடந்து கற்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் வினவக்கூடும். அதனை எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் மயிர் கழன்று நார்கள் நெகிழும். பின்னர் ஆவாரம்பட்டைச் சாற்றில் இட்டால், அதன் துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் தோல் எளிதில் அழுகாது. இறுதியில் சேர்க்கும் கடுக்காய், தோல் வெயிலில் சிவந்துபோகாமல் காக்கும். இவை யாவும் வேதியியலே. ஆயினும் இந்தப் பதம் அறிந்த கைகளுக்கு ஊரார் அளித்தது தீட்டு என்னும் பெயர், பட்டம் அன்று.

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் சூல்ஸ் என்பார் குரோம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் நடந்த வேலை, குரோமினால் நாள் கணக்காகக் குறைந்தது. பச்சைத்தோல் ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெந்நீரில் சுருங்கிவிடும். செம்மையாகக் குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் இம்முறைக்குக் கைப்பதம் மட்டும் போதாது. தோலின் எடைக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு உப்பு, நீரின் அமிலத்தன்மை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். கணக்கு அறிந்தவர் மேற்பார்வையாளர் ஆனார். அறியாதவர் குழியிலேயே நின்றார்.

இந்த அறிவைப் பெறக் கடல் கடந்தோருள் டாக்டர் ஒய். நாயுடம்மா குறிப்பிடத்தக்கவர். ஆந்திர நாட்டு உழவர் குடியிற் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்று, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1948இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1958இல் இயக்குநரானார். 1985இல் கனிஷ்கா விமான விபத்தில் மறைந்தார். பிறப்பால் தோலைத் தொடவேண்டாத ஒருவர் அதனை விரும்பிக் கற்றது பெருமைக்குரியது. அதே வேளையில், தோலோடே பிறந்து வளர்ந்த நம்மவருக்கு அவ்வாய்ப்பு ஏன் அன்று கிட்டவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும்.

அறிவு மட்டும் போதாது, துணையும் வேண்டும். 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், கடற்பயணத்திலேயே வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கிட்டார். அவருடைய மேதைமையை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சி. வி. இராமன் அவருடைய சிறிய தந்தை. 1913இல் நியூயார்க் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு அத்தகைய குடும்பப் பின்னணி ஏது? பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகையே அவருக்குத் துணை.

அப்பட்டறிவே பின்னர்ப் பேசியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல், 1942 அக்டோபரில் அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். கலையும் சட்டமும் கற்பதால் மட்டும் நம் மக்கள் உயரார். உயர்நிலை அறிவியலும் தொழில்நுட்பமுமே பயன்தரும் என்பது அதன் வாதம். சட்டம் கற்றுப் புகழ்பெற்ற ஒருவரே இவ்வாறு எழுதினார் என்பதை இளைஞர் கருத வேண்டும். உள்நாட்டில் அறிவியல் கற்போருக்கு ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாயும், இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளில் கற்போருக்கு ஓர் இலட்சம் ரூபாயும் அவர் கோரினார்.

விடுதலைக்குப் பின், 1954-55இல் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்றும் அது முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் வழங்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்திற்கு மேற்படலாகாது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்களே. நம் சங்கத்து மாலை வகுப்பிலோ, பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவை எடுத்த பிள்ளைகளை எண்ண ஒரு கை விரல்களே போதுமானவையாக உள்ளன.