பள்ளி மாணவனின் பந்தய வண்டி

இலங்கையில் 1938-ஆம் ஆண்டு பிறந்து, தேயிலைத் தோட்ட நிர்வாகியான தந்தையின் நிழலில் பால்யத்தைக் கழித்த ஜான் ஹெய்ன்ஸ் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்துப் பள்ளியொன்றில் மாணவராக இருக்கையில், ரக்பி ஆட்டத்திலிருந்து விலக்குப் பெற்று, அந்நேரத்தில் பழைய ஆஸ்டின் செவன் காரொன்றைப் பிரித்து, அதன் அடிச்சட்டத்தின்மீது இலகுவான புதிய உடலைப் பொருத்தி, ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சிருஷ்டித்தார். புதுக் காரின்மீது கடுமையான வரி விதிக்கப்பட்டிருந்த அக்காலத்தில், 747 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட அச்சிறு வண்டி பழைய சாமானாக மலிவாய்க் கிடைத்தமையால், வாலிபர் பலருக்கும் இதே மோகம் இருந்தது. தம் வண்டியை விற்க விளம்பரம் செய்தபோது வந்து குவிந்த விசாரணைகளைக் கண்ட ஹெய்ன்ஸ், வண்டியைவிட அதைச் செய்யும் வித்தைக்கே கிராக்கி அதிகம் என்பதை உணர்ந்து (வியாபார புத்திக்கு வயதில்லை போலும்!), 1956-இல் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட, 250 பிரதிகளும் பத்தே நாட்களில் தீர்ந்தன.

பின்னர் அவர் நிறுவிய பதிப்பகம், கார்களைப் பிரித்துப் பூட்டக் கற்பிக்கும் கைநூல்களால் உலகப் பிரசித்தி பெற்றது. 250 பவுனில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் எழுதிய நூலை 1996-இல் வெளியிட்டதும் அப்பதிப்பகமே.