அமாசிக் பெண்களின் அழகுப் பேணல் மரபுகள்

வட ஆப்பிரிக்காவின் தொல்குடியினரான அமாசிக் மக்கள், வெளியார் இட்ட ‘பெர்பர்’ என்னும் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்டவர்கள். மொரோக்கோவில் வாழும் அமாசிக் பெண்களிடையே தாயிடமிருந்து மகள் கற்றுவந்த அழகுப் பேணல், சுற்றியுள்ள மண்ணையும் மரத்தையும் நம்பியே வளர்ந்தது. மூலூயா பள்ளத்தாக்கில் மிசூர் நகரை அடுத்து வெட்டியெடுக்கப்படும் ‘கசூல்’ என்னும் மக்னீசியம் மிகுந்த களிமண்ணை ஊறவைத்துத் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்துக் குளித்தனர். உதட்டுக்கும் ஈறுக்கும் நிறமேற்றும் அக்ரூட் மரப்பட்டையால் பல் துலக்கினர். மணச்சடங்குகளில் மருதாணி இட்டுக்கொண்டனர். ‘தாசுல்த்’ எனப்படும் கண்மையும் இம்மரபில் அடங்கும். ஈயத்தாதுவை அரைத்துச் செய்யும் வகை உடலுக்குத் தீங்கானது.

பச்சை குத்துதல் இம்மரபின் மிகப் பழைய கூறுகளுள் ஒன்று. முதிய பெண்கள் ஊசியால் குத்திக் கரியைத் தேய்த்து, மோவாயிலும் நெற்றியிலும் கையிலும் பதித்த கோடுகளும் சாய்சதுரங்களும் குலத்தை உணர்த்தியதோடு கண்ணேறு கழிப்பனவாகவும் கருதப்பட்டன. சமய அறிஞர்களின் எதிர்ப்பாலும் நகர வாழ்க்கையின் பரவலாலும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கம் அருகியது. ஆனால் கம்பளங்களில் அதே வடிவங்கள் இன்றும் நெய்யப்படுகின்றன.

பச்சைக்கு நேர்மாறான வரலாறு ஆர்கன் எண்ணெயுடையது. தென்மேற்கு மொரோக்கோவில் மிகுதியாக வளரும் ஆர்கன் மரத்தின் பழத்தை உலர்த்தித் தோலுரித்து, கடினமான கொட்டையை இரு கற்களுக்கிடையே வைத்து உடைத்து, பருப்பைக் கல் திரிகையில் அரைத்து, வரும் விழுதை வெதுவெதுப்பான நீர் தெளித்துப் பிசைந்து எண்ணெய் பிழிகின்றனர். பிண்ணாக்கு கால்நடைக்குப் போகிறது. உணவுக்கானால் பருப்பை முதலில் வறுப்பர். தோலுக்கும் கூந்தலுக்குமானால் வறுப்பதில்லை. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 30 கிலோ பழம் தேவைப்படுவதால், இதன் உண்மையான விலை பெண்களின் உழைப்பே எனலாம். ரபாத் நகரின் வேதியியலாளர் சுபைதா ஷரூஃப் 1990களில் தொடங்கிய பெண்கள் கூட்டுறவு இயக்கம், படிப்பறியாத கிராமத்துப் பெண்களுக்குச் சொந்த வருமானம் கிடைக்க வழிசெய்தது. இம்மரபின் அண்மைக்கால வரலாற்றில் இதனினும் பெரிய திருப்பம் வேறில்லை. ஆர்கன் காடுகள் 1998இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. ஆர்கன் சார்ந்த கைத்திறன்கள் 2014இல் அதன் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எண்ணெய் பிழிய எந்திரங்கள் வந்துவிட்டபோதிலும், கொட்டை உடைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் இன்றும் கையாலேயே செய்துவருகின்றனர்.