பூவை க்ளோஸ்-அப் எடுத்தா பிளர் ஆகுதா? ராமேஸ்வரம் கடற்கரையில் போன் போட்டோ எடுப்பது எப்படி?

ராமேஸ்வரம், பாம்பன், தனுஷ்கோடி பக்கம் மணலில் அடம்பங்கொடி, தெருவோரம் பூவரசு, வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்தி எனப் பூக்களுக்குக் குறைவில்லை. ஆனால் போனில் கிட்டப் போய் எடுத்தால் பல படங்கள் பிளர் ஆகிவிடும். பெரும்பாலும் தப்பு போனில் இல்லை, காற்றிலும் தூரத்திலும்தான்.

ஏன் பிளர் ஆகிறது?

கேமரா பூவை நெருங்க நெருங்க, ஃபோகஸில் இருக்கும் பகுதி மிகவும் சுருங்கிவிடும். அப்போது பூ லேசாக ஆடினாலே படம் கலங்கிவிடும்.

எப்போது எடுக்கலாம்?

வெயில் ஏற ஏற கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும், கடற்காற்றும் வேகமெடுக்கும். அதனால் சூரியன் உதித்த முதல் 2 மணி நேரமே நல்ல நேரம். காலையில் விரியும் அடம்பம்பூ மதியத்துக்குள் வாடிவிடும். பூவரசம்பூவோ காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பு. ஒரே பூவை 2 முறை எடுக்கலாம்.

எப்படி எடுப்பது?

* மேக்ரோ வசதி இல்லாத போனா? ஒரு சாண் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வையுங்கள்.
* பூவின் நடுவில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் லாக் ஆகும்.
* காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருங்கள். பூ ஆடிட்டே இருக்கா? பர்ஸ்ட் மோடில் 10 படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
* உச்சி வெயில் என்றால் வெள்ளை வேட்டியை பூவுக்கு மேல் விரித்துப் பிடித்தால் வெளிச்சம் மென்மையாகும்.
* செம்பருத்தியின் சிவப்பு திட்டாகத் தெரிந்தால் பிரைட்னஸைக் கொஞ்சம் குறையுங்கள்.

இதில் கவனம்!

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், உப்புக்காற்று அரிப்பால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. இரும்புக்கே அந்தக் கதி என்றால் போன் எம்மாத்திரம்? லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மணலும் உப்பும் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்மையான துணியால் துடைக்கவும்.

எருக்கம்பூவை எடுக்கும்போது அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

படத்துக்காக அடம்பங்கொடியைப் பிடுங்கவோ மிதிக்கவோ வேண்டாம். கரை மணல் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பதே அந்தக் கொடிதான்.