பாதி நாள் பள்ளியும் முழு நாள் பண்ணையமும்



புரட்சி நடந்த நாட்டில் கல்வி என்ன ஆனது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது கியூபாவைத்தான். 1959இல் அங்கே ஆட்சி மாறியது. 1961இல் சுமார் ஒரு லட்சம் இளைஞர்கள் நகரங்களை விட்டு மலைக்கும் வயற்காட்டுக்கும் போனார்கள். உழவர் வீடுகளில் தங்கி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே ஆண்டில் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கான்ராடோ பெனிடெஸ் என்ற 18 வயதுக் கறுப்பின ஆசிரியரைப் புரட்சிக்கு எதிரானவர்கள் கொன்றிருந்தார்கள். யாருக்கு யார் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்பது அங்கேயும் உயிர் கேட்ட கேள்விதான்.

நம்முடைய 1947 அப்படிப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் போனான், ஊர் ஊராகவே இருந்தது, சேரி சேரியாகவே இருந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1953இல், முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு இது கிடையாது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வி என்றார்கள். சரியான பெயர். ஆதரித்தவர்கள் காந்தியின் ஆதாரக் கல்வியைத் துணைக்கு அழைத்தார்கள். ஆனால் 1937இல் வார்தாவில் பேசப்பட்டது பள்ளிக்கூடத்துக்குள் ஆசிரியர் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித்தரும் கைத்தொழில். இங்கேயோ எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது.

கொங்கு நாட்டில் பெற்றோரின் தொழில் என்றால் என்ன? கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது தோட்டம், கிணறு, காளை. நாளை அவன் பெயருக்கே வந்து சேரும் சொத்து. அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கு அதே தோட்டத்தில் பண்ணையம்: ஆடு மேய்ப்பது, சாணி அள்ளுவது, கவலை இறைக்கத் தோல் பறி தைப்பது, செத்த மாட்டை இழுத்துப் போவது. ஒரே தோட்டம், ஒரே திட்டம். ஒருவன் எசமானாக இருக்கப் பழகுவான், மற்றவன் பண்ணையாளாக இருக்கப் பழகுவான்.

1954இல் காமராசர் முதல்வரானார். திட்டத்தைத் திரும்பப் பெற்ற கல்வி அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். ராஜாஜிக்கு நெருக்கமானவர், தலைமைக்கான போட்டியில் காமராசரை எதிர்த்து நின்றவர். தெருவில் எழுந்த எதிர்ப்பு அவர் கையாலேயே அதை எடுக்க வைத்தது.

இந்த வெற்றியை மேடைதோறும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பண்ணையத்தில் விடப்பட்ட பிள்ளைக்குக் குலக்கல்வி என்று தனியாக ஒரு திட்டம் தேவைப்படவில்லை. அப்பன் வாங்கிய கடனுக்கு அவனுடைய முழு நாளும் ஏற்கெனவே போயிருந்தது. சென்னையில் ரத்தான ஆணை ஆட்டுப்பட்டி வரை வரவில்லை. 2000இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் படித்த மாணவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும்.

அதனால் திட்டம் ரத்தானதைவிட 1956இல் தொடங்கிய மதிய உணவையே நான் பெரிதாக மதிக்கிறேன். பண்ணையம் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தது சோற்றால்தான். அந்தச் சோற்றைப் பள்ளியிலேயே போட்டது அரசு. அதுவும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து. ஊரில் எந்த விருந்திலும் நடக்காத பந்தி அது.

அந்தப் பந்தியில் உட்காரும் இடம் கிடைத்தது. சமைக்கும் இடம்?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க மாற்றலாகி வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். மறுத்துச் சொன்னது பிள்ளைகள் அல்ல, பெற்றோர் என்பதைக் கவனியுங்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியது. இயக்கங்கள் தெருவுக்கு வந்த பிறகே அந்த மாற்றல் ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அவர் அதே பள்ளிக்குத் திரும்பிப் போய் உலை வைத்தார்.