ஹீட் மீட்டர் முள்ளின் கதை

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக எங்கள் வாலாஜாபாத்துக்கு வரும் சாலை இன்று கார் தொழிற்சாலைகளின் சாலை. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறந்தது. ஆனால் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961இலேயே ஹெரால்டு கார் செய்யத் தொடங்கிவிட்டது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. அந்தக் காலத்துக் கார்களைப் பார்க்கும் என்னைப் போன்ற மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கும் புகார், "ஹீட் மீட்டர் தப்பாக் காட்டுது அண்ணே" என்பதுதான். கார் எந்தக் காலத்தது என்று பார்த்தாலே பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

1910களில் டாஷ்போர்டில் முள்ளே கிடையாது. பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற கண்ணாடி வெப்பமானியை ரேடியேட்டர் மூடியிலேயே பொருத்தினார்கள். அது அளந்தது தண்ணீரை அல்ல, மேலே நிற்கும் ஆவியை.

அடுத்து வந்தது ஈதர் மீட்டர். இன்ஜினில் ஈதர் அடைத்த குமிழ், அதிலிருந்து டாஷ்போர்டு வரை மெல்லிய செம்புக் குழாய். சூட்டில் ஈதர் ஆவியாகி அழுத்தம் கூட, முள் நகரும். குழாய் மடங்கி உடைந்தால் ஈதர் போய்விடும். இன்ஜின் கொதித்தாலும் முள் குளிரிலேயே கிடக்கும்.

1960களில் ஆங்கிலேயக் கார்களில் மின்சார மீட்டர் பரவியது. பேட்டரி வோல்ட் ஏறி இறங்கினாலும் முள் ஆடாதிருக்க, சராசரி 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்தார்கள். பெட்ரோல் முள்ளுக்கும் கரன்ட் அதிலிருந்தே போகும். ஆகவே ஹீட் முள் ஏறி நிற்க, அரை டேங்க் இருக்கும்போது பெட்ரோல் முள்ளும் 'ஃபுல்' காட்டினால் இன்ஜினில் உள்ள சென்சாரைக் கழற்றாதீர்கள். ஸ்டெபிலைசரின் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஹீட் முள் மட்டும் தவறினால் சென்சாரைச் சந்தேகப்படலாம். அதைக் கழற்றிச் சுடுதண்ணீரில், வெப்பமானியோடு சேர்த்துப் பிடித்து மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். சிலர் கசிவுக்குப் பயந்து சென்சாரின் மரையில் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். சென்சாருக்கு எர்த் இன்ஜின் உடம்பு வழியாகத்தான் கிடைக்கிறது. அது தடைப்பட்டால் முள் குறைவாகவே காட்டும்.

இன்றைய கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டரே முள்ளை நடுவில் நிறுத்தி வைக்கிறது. சில சிறு கார்களில் முள்ளே இல்லை, நீல, சிவப்பு விளக்குகள்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: புது மீட்டருக்குக் காசு கொடுக்குமுன் எர்த்தைப் பாருங்கள். சோதிக்கிறேன் என்று சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.