கூடுமிடம் யாருடையது? இணையத்தில் தமிழர் கூடிய கதை

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்ட வரலாற்று ஆர்வலர்கள் குழுவில் சென்ற வாரம் ஒரு பேச்சு எழுந்தது. கல்வெட்டுப் படங்கள், கோயில் குறிப்புகள், ஊர்ப்பெயர் விளக்கங்கள் எல்லாம் கைபேசிக் குழுவில் வந்து குவிகின்றன. பத்து நாள் கழித்துத் தேடினால் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் கிடக்கின்றன. தலைப்பு வாரியாகப் போட்டு விவாதிக்க ஓர் இணைய மன்றம் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. எந்த மென்பொருள் என்ற கேள்வி வந்தபோது ஒரு தம்பி, "எதுவா இருந்தா என்ன சார், இலவசமா கிடைக்கிறதுல ஒண்ணைப் போட்டுடலாம்" என்றார். அந்த 'இலவசம்' என்ற சொல்லில் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. காசு இல்லாதது என்பது ஒன்று. நம்மிடமிருந்து யாரும் பிடுங்க முடியாதது என்பது மற்றொன்று. இந்த வித்தியாசத்தை இணையத் தமிழர்கள் பட்டுத்தான் படித்தார்கள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

மலேசியத் தமிழரான பாலா பிள்ளை 1995இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெட் என்ற மடற்குழுவைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியாக ஒரே திண்ணையில் உட்கார்ந்தது அங்கேதான். அப்போது பெரிய தலைவலி எழுத்துரு. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் ஒரு பக்கம், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் இலவசமாகத் தந்த மயிலை எழுத்துரு இன்னொரு பக்கம், வணிக நிறுவனங்களின் எழுத்துருக்கள் பல பக்கம். ஒவ்வொன்றிலும் 'அ' ஒவ்வோர் எண்ணில் இருக்கும். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் திரையில் கோழி கிளறிய குப்பைதான்.

இதைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியில் மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. இதற்கு இணையாக மடற்குழுக்களிலேயே மாதக்கணக்கில் சண்டை போட்டு உருவாக்கியது திஸ்கி என்ற குறியீடு. அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. விதிகள் எல்லோருக்கும் தெரியும், யார் வேண்டுமானாலும் அதில் எழுத்துரு செய்யலாம். அந்த ஒரு குணத்துக்காகவே அது ஊர் ஊராகப் பரவியது என்பது என் கருத்து.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தத் திண்ணைப் பேச்சின் குழந்தைதான். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் முதலில் அன்றைய எழுத்துருக் குறியீடுகளில் இருந்தன. ஒருங்குறி வந்ததும் அவற்றை அதற்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், கோப்புகள் அவர்கள் கையில் இருந்தன, குறியீட்டின் சூத்திரமும் ஊரறிய இருந்தது. இன்று திருக்குறளையோ சிலப்பதிகாரத்தையோ கைபேசியில் தேடுகிறீர்களே, அதில் கணிசமானது இந்த வழியில் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்தது யாகூ குழுமங்களின் காலம். 2000இல் ஈகுரூப்ஸ் என்ற நிறுவனத்தை யாகூ வாங்கித் தன் குழுமங்களோடு சேர்த்தது. காசு கிடையாது, சர்வர் பற்றிய கவலை கிடையாது, ஐந்து நிமிடத்தில் குழு தயார். தமிழர்கள் விடுவார்களா? மலேசியாவின் டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று வரிசையாக முளைத்தன. கவிதை, கதை, இலக்கணச் சண்டை, புத்தக விமரிசனம், சமையல், அரசியல் என எதுவும் பாக்கியில்லை. பின்னாளில் புத்தகம் போட்டுப் பெயர் பெற்ற பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். வேடிக்கை என்னவென்றால், லினக்ஸைத் தமிழாக்க உழைத்த கட்டற்ற மென்பொருள் அன்பர்களும் அன்று யாகூ குழுமத்தில்தான் கூடிப் பேசினார்கள். அன்றைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

2019 அக்டோபரில் யாகூ ஓர் அறிவிப்பு விட்டது. அக்டோபர் 28க்குப் பின் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. டிசம்பர் 14க்குப் பின் ஏற்கெனவே உள்ளவை அழிக்கப்படும். தங்கள் மடல்களைத் தரவிறக்கிக்கொள்ள மறு ஜனவரி இறுதி வரை தவணை நீட்டினார்கள். 2020 டிசம்பர் 15இல் குழுமச் சேவையே நின்றது. சுமார் இருபது ஆண்டுப் பேச்சுக்கு இரண்டு மூன்று மாத நோட்டீஸ். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குக்கூட இதைவிட அதிக அவகாசம் தருவார்கள். குழுவை நடத்தியவர் கணினிப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தால், அல்லது உயிரோடு இல்லையென்றால், எடுத்து வைக்க யார் இருந்தார்கள்? யாகூ இதற்கு முன்பே 2009இல் ஜியோசிட்டீஸை மூடியது. கூகுள் 2014இல் ஆர்க்குட்டையும் 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ்ஸையும் மூடியது. இவர்களைத் திட்டிப் பயனில்லை. லாபம் வராத கடையை முதலாளி சாத்துகிறார், அவ்வளவுதான்.

(இதையே முகநூலில் எழுதுகிறாயே என்று யாரும் சிரிக்க வேண்டாம். எழுதுவதன் ஒரு படி வீட்டுக் கணினியில் எப்போதும் இருக்கிறது.)

யாகூ குழுமங்கள் செழித்த அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. சொந்த முகவரி வாங்கி, சொந்த இடத்தில் மன்ற மென்பொருளை நிறுவிக்கொள்வது. 2000இல் வந்த பிஎச்பிபிபி அந்த வகையில் முக்கியமானது. ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளிவந்தது. அந்த உரிமத்தின் சாரம் இவ்வளவுதான்: நிரலின் மூலத்தை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையோடு பிறருக்குத் தரலாம், ஒருமுறை தந்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. இதைத்தான் திறமூலம், கட்டற்ற மென்பொருள் என்று சொல்கிறோம்.

பிடுங்க முடியாது என்பதன் அருமை 2004இல் தெரிந்தது. இன்விஷன் என்றொரு மன்ற மென்பொருள் 2002இல் இலவசமாக வந்தது. அழகாக இருக்கிறது என்று பலர் அதை நிறுவினார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து கட்டணம் என்று அறிவித்தது நிறுவனம். விலை கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் இலவசம் என்று நம்பி வந்தவர் ஒன்று காசு கட்ட வேண்டும், அல்லது பழைய பதிப்பிலேயே பாதுகாப்பில்லாமல் கிடக்க வேண்டும். ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஈழத் தமிழர்களின் யாழ் களம் இன்விஷனில்தான் நடக்கிறது, நீண்ட காலமாக உயிர்ப்போடும் இருக்கிறது. அவர்களுக்குச் சொந்த முகவரி இருக்கிறது. அடுத்தவன் நிலத்தில் ஓசிக் குடிசையைவிடக் காசு கொடுத்துச் சொந்த நிலத்தில் இருப்பது மேல் என்பேன். சொந்த நிலமும் சொந்தக் கருவியும் சேர்ந்தால் இன்னும் மேல்.

ஆனால் அன்றைய பிஎச்பிபிபியில் தமிழ் எழுதுவது லேசான காரியமாக இருக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, தமிழாசிரியர்கள் ரசிப்பீர்கள். அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு தலைப்புக்கு ஒதுக்கிய இடம் 60 எழுத்து. ஆங்கில எழுத்து. பக்கம் மேற்கத்திய எழுத்துகளுக்கு அமைந்திருந்தால், உலாவி தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக்கி அனுப்பும். 'த' என்பது &#2980; என்று போகும். எண்ணிப் பாருங்கள், ஏழு இடம். ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'புதுக்கோட்டை' என்ற சொல்லில் 12 குறிகள். 12ஐ ஏழால் பெருக்கினால் 84. ஆக, 60 இடம் உள்ள தலைப்பில் நம் ஊர்ப் பெயரே முழுதாக நுழையாது! பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் ஓர் எண்ணின் துண்டு தொங்கும்.

பக்கத்தை யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம்தான், ஊர்ப் பெயர் 36இல் முடிந்துவிடும். ஆனால் அடியில் இருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வேறு கணக்கில் இருந்தது. அதன் நிறுவனம் சுவீடன்காரர்களுடையது. ஆகவே நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொண்டு சுவீடிஷ் அகர வரிசையில் அடுக்கும். 2018இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் இந்த இயல்பமைப்பு மாறியது. சர்வர் மாற்றும்போது இதைக் கவனிக்காதவர்களின் தமிழெல்லாம் கேள்விக்குறி வரிசையாக மாறிப்போன கதை ஏராளம். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் பிறகு எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது.

இந்த நோய்க்கு மருந்து எங்கிருந்து வந்தது? 2007 டிசம்பரில் வந்த பிஎச்பிபிபி மூன்றாம் பதிப்பு முழுவதும் யூடிஎஃப்-8. ரஷ்யர், ஜப்பானியர், அரபியர் எல்லோருக்கும் இதே குறை இருந்தது. மூலம் திறந்து கிடந்ததால் அவரவர் ஒட்டுப்போட்டுப் பார்க்க முடிந்தது. பூட்டிய மென்பொருளாக இருந்தால் நாம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்போம்.

திறமூலம் என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பரில் சாண்டி என்றொரு புழு இதே பிஎச்பிபிபியின் ஓட்டை வழியே புகுந்து, கூகுளில் தேடித் தேடி ஆயிரக்கணக்கான மன்றங்களை அழித்து எழுதியது. ஓட்டையை அடைத்த திருத்தம் ஒரு மாதம் முன்பே வெளிவந்துவிட்டது. அதை நிறுவாதவர்கள்தான் மாட்டினார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2015 அக்டோபர் 11இல் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நம் கணினித் தமிழ்ச் சங்கத்தார் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த விழா. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து போட்டிகள் நடத்தினார்கள், வலைப்பதிவர்களின் விவரங்களைத் தொகுத்துக் கையேடும் அச்சிட்டார்கள். அன்று கூடியவர்களில் பெரும்பாலோர் எழுதியது கூகுளின் இலவச பிளாக்கரில். பின்னர் பலர் முகநூலுக்கு நகர்ந்துவிட்டார்கள். பிளாக்கரில் ஒரு நல்ல விஷயம், எழுதியதை மொத்தமாகத் தரவிறக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. அச்சிட்ட அந்தக் கையேடு இருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

இதே ஊரில் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி–டோரதி என்ற ஆசிரியத் தம்பதியர் தம் வருமானத்தில் வாங்கி வாங்கிச் சேர்த்த நூலகம். வேறெங்கும் கிடைக்காத முதற்பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். ஓசியில் யாரோ தந்த அலமாரியில் அவர்கள் அவற்றை வைத்திருக்கவில்லை.

சரி, நாம் எதை எடுப்பது? இன்றைக்குப் பலரும் சொல்வது டிஸ்கோர்ஸ். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் 2013இல் வெளியிட்டது. அதுவும் ஜிபிஎல்தான். கைபேசியில் அருமையாக இருக்கும், படங்கள் போடுவது சுலபம், மின்னஞ்சலிலேயே பதில் எழுதலாம். ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், குறைந்தது ஒரு ஜிபி நினைவகம் வேண்டும், மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு ஒழுங்காக இருக்க வேண்டும், பழுதுபட்டால் லினக்ஸ் கட்டளை தெரிந்த ஆள் வேண்டும். பிஎச்பிபிபியோ சாதாரண, மலிவான பகிர்வு சர்வரிலேயே ஓடும். பார்க்கப் பழைய மாடல் அம்பாசடர் மாதிரி இருக்கும், ஆனால் எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். தரவுத்தளத்தை நிர்வாகப் பக்கத்திலிருந்தே ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பிஎச்பிபிபிதான் சரியென்று படுகிறது. நம் குழுவில் ஓய்வூதியர்கள் அதிகம், கணினிப் பிள்ளைகள் இரண்டு பேர்தான், அவர்களும் நாளை வேலைக்காக வெளியூர் போகக்கூடியவர்கள். வருகிறவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகக்கூடிய எளிமை வேண்டும். கதவைத் திறந்ததும் முதலில் நுழைவது மருந்து விற்கும் ரோபோக்களாகத்தான் இருக்கும். அதற்கும் அதில் வழி இருக்கிறது, உறுப்பினராகச் சேரும்போது நாமே ஒரு கேள்வி கேட்கலாம். 'இசைக் கல்வெட்டு உள்ள மலை எது, தமிழில் எழுதுக' என்று கேட்டால் குடுமியான்மலை தெரிந்த ஆள்தான் உள்ளே வருவார்!

டிஸ்கோர்ஸ்தான் வேண்டும் என்று இளையவர்கள் சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரும் நிரல்கள் இருக்கின்றன, அவையும் திறமூலமே. மென்பொருளைவிட எனக்குக் கவலை தருவது வேறு. முகவரியை யார் பெயரில் பதிவது? ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது? ஒருவருடைய வங்கி அட்டையில் ஓடும் தளம், அந்த அட்டை காலாவதியாகும் நாளில் நின்றுபோகும். எனவே வரும் ஞாயிறு கூடும்போது முதலில் இதைப் பேசுவோம்: பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கட்டும், மாதம் ஒருமுறை முழுப் படி எடுத்து இரண்டு வீடுகளில் வைப்போம். ஒரு வீடு என்னுடையது, வன்தட்டு வாங்கிவிட்டேன். இன்னொரு வீடு யாருடையது என்று கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள்.