ரெக்கார்டிங் சென்டர் சவுண்டு

"ஐயா, அந்தக் காலத்து சவுண்டு வேணும், ஒரு பழைய செட்டு பார்த்துக் கொடுங்க" என்று கேட்டு வரும் பையன்களுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மதுரையில் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவன் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த சவுண்டு எங்கே தயாரானது என்று எனக்குத் தெரியும். எங்களைப் போன்ற கடைகளில்தான்.

பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது 1963-இல். நம் ஊர் வீடுகளுக்குள் அது பரவலாக நுழைந்தது எழுபதுகளின் கடைசியில்: வளைகுடா போனவர் கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன், இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. பெட்டி வந்துவிட்டது, பாட்டுக்கு எங்கே போவது? எல்.பி. இசைத்தட்டு வாங்க எல்லோருக்கும் கட்டாது. நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டைதான். காப்புரிமை என்ற பேச்சே அன்று எங்கள் தெருவில் கிடையாது.

கடையில் ஒரு டர்ன்டேபிள், காஸ்மிக் ஆம்ப், இரண்டு அகாய் டெக், நடுவில் ஒரு கிராஃபிக் ஈக்வலைசர். சோறு போட்டது அந்த ஈக்வலைசர்தான். வாடிக்கையாளர் வீட்டில் இருப்பது கையகல ஸ்பீக்கர், எல்.பி.யில் உள்ளபடி பதிந்து கொடுத்தால் "சப்புன்னு இருக்கு" என்பார்கள். அதனால் இரண்டு ஓரத்துக் கட்டைகளையும் மேலே தள்ளி, நடுவைக் கொஞ்சம் இறக்கி, பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகப் பதிவோம். கடைக்குக் கடை கைமணம் மாறும். 1978-இல் 'ப்ரியா' படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தபோது, வாசலில் இரண்டு ஸ்பீக்கரை எட்ட எட்ட வைத்துக் காட்டியே ஆள் பிடித்தோம்.

பையன்கள் தேடுவது இந்தத் தூக்கலைத்தான். அசல் தட்டை நல்ல செட்டில் போட்டால் தபேலா அடங்கி, குரல் முன்னால் நிற்கும். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். அவர்களுக்குப் பழைய செட்டே வேண்டாம். செல்போன் ஈக்வலைசரில் இரண்டு ஓரத்தையும் ஏற்றிக்கொண்டால் போதும், செலவில்லை.

தட்டுதான் கேட்பேன் என்பவருக்கு நான் சொல்வது: டர்ன்டேபிள் மட்டும் பழசு வாங்குங்கள். பெல்ட்டும் ஊசியும் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு விரல் பட்டாலே உதிரும். பழைய ஆம்பில் கண்டென்சர் காய்ந்திருக்கும். இரண்டும் புதுசே மேல்.

ஆனால் புது ஆம்பின் முதுகில் 'ஃபோனோ' என்று எழுதிய சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் சர்க்யூட் அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. காந்த கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் தருவதோ 2 வோல்ட். டர்ன்டேபிளை 'ஆக்ஸ்' சாக்கெட்டில் சொருகினால் பாட்டு கொசு ரீங்காரம்போல் கேட்கும். அப்படிக் கேட்டுவிட்டு, "பழைய சாமானே இவ்வளவுதான்" என்று நல்ல டர்ன்டேபிளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் ஒருவர். அதை வாங்கியவன் நான்தான்.